மூன்று பேர் நின்றால் குற்றம், மூன்று லட்சம் பேர் நின்றால் திருவிழா

டொராண்டோவுக்கு ‘நல்ல ஊர்’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. 1880களில் வில்லியம் ஹௌலண்ட் என்ற மேயர் குடியையும் சூதையும் வேசித்தொழிலையும் ஒழித்துக்கட்டக் கிளம்பியபோது ஒட்டிக்கொண்ட பெயர். மேயர் இரண்டு வருடத்தில் வீட்டுக்குப் போய்விட்டார். பெயர் போகவில்லை. ஊர்க்காரர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் அதைச் சொல்லும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நல்ல ஊருக்கு அங்கே இலக்கணம் எளிது: ஞாயிற்றுக்கிழமை யாரும் சந்தோஷமாக இருக்கக் கூடாது. ஞாயிறன்று டிராம் ஓடலாமா என்று 1892இல் ஊரைக் கூட்டி ஓட்டெடுத்தார்கள். கூடாது என்றது ஊர். 1893இல் மறுபடி கேட்டார்கள். அதான் சொன்னோமே என்றது. 1897இல் மூன்றாவது தடவை கேட்டபோது, நடந்து நடந்து கால் வலித்ததோ என்னவோ, மயிரிழையில் சம்மதித்தது. 1912இல் ஞாயிறன்று பூங்காச் சரிவுகளில் பனிச்சறுக்குப் பலகை விடத் தடை வந்தது. பூங்கா ஊஞ்சல்களைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ஓய்வுநாளில் ஒரு குழந்தை முன்னும் பின்னும் ஆடினால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நரகத்தை எத்தனை அடி நெருங்குகிறது என்று நகராட்சியில் யாரோ கணக்கு வைத்திருந்திருக்க வேண்டும்.

ஊரின் பெரிய கடையான ஈட்டன்ஸ், ஞாயிறன்று கடையை மூடியதோடு நிற்கவில்லை. காட்சி ஜன்னல்களுக்கும் திரை போட்டது. பொம்மைக்கு மாட்டியிருக்கும் கோட்டைப் பார்த்து ஆசைப்படுவதும் பாவக் கணக்கில் சேர்ந்தது. ஞாயிறன்று டிக்கெட் போட்டு விளையாட்டு நடத்தலாம் என்று ஊர் ஒப்புக்கொண்டதே 1950 ஜனவரியில் நடந்த வாக்கெடுப்பில்தான். குடிப்பவர்கள் நிலைமை இன்னும் பரிதாபம். 1927 முதல் 1962 வரை, ஒன்டாரியோ மாகாணத்தில் அரசாங்கக் கடையில் ஒரு புட்டி வாங்க பர்மிட் வேண்டும். கடைச் சிப்பந்தி நீங்கள் போன வாரம் எவ்வளவு வாங்கினீர்கள் என்று பார்த்துவிட்டு உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பியர்க் கடைகளில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கும் அவர்களைக் கூட்டி வந்தவர்களுக்கும் வேறொரு வாசல். மொத்தத்தில் ஞாயிற்றுக்கிழமை டொராண்டோ, சாவு விழுந்த வீட்டில் ரேடியோவை அணைத்து வைத்ததுபோல இருந்தது. செத்தது யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்த ஊரை நடத்தியவர்கள் ஆரஞ்சு சங்கத்துக்காரர்கள். பழத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. 1690இல் அயர்லாந்தில் பாய்ன் என்ற ஆற்றங்கரையில், புராட்டஸ்டண்ட் அரசர் வில்லியம் கத்தோலிக்க அரசர் ஜேம்ஸைத் தோற்கடித்தார். ஆரஞ்சு என்பது அந்த வில்லியத்தின் வம்சப் பெயர். சண்டை நடந்தது அயர்லாந்தில், ஜெயித்தவர் ஹாலந்துக்காரர், கொண்டாடியது கனடா. வருடாவருடம் ஜூலை 12ஐ ஒட்டி டொராண்டோவில் மேளம் தட்டி, பட்டை மாட்டி ஊர்வலம் போனார்கள். தெருவில் கூட்டமாக இறங்கிக் கத்துவது நாகரிகம் இல்லை என்று நம்பிய ஊரில், இந்தக் கூட்டம் மட்டும் நாகரிகத்தில் சேர்த்தி. மேயர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்தச் சங்கத்து உறுப்பினர்கள். 1955இல் நேதன் பிலிப்ஸ் என்ற யூதர் அந்த நாற்காலியில் உட்காரும்வரை ஊர்வலமும் நகராட்சியும் ஒரே குடும்பத்துக் கல்யாணமாகத்தான் இருந்தன.

இப்படிப்பட்ட ஊருக்கு இத்தாலியர்கள் வந்து சேர்ந்தார்கள். சத்தமாகப் பேசுகிறவர்கள், கையை வீசிப் பேசுகிறவர்கள், கத்தோலிக்கர்கள், போதாக்குறைக்குச் சாப்பாட்டோடு ஒயின் குடிக்கிறவர்கள். விதி யாரை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

முதலில் வந்தவர்கள் ‘வார்ட்’ என்று அழைக்கப்பட்ட ஏழைக் குடியிருப்பில் யூதர்களுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்கள். அப்புறம் மேற்கே நகர்ந்து காலேஜ் தெருவில் குடியேறினார்கள். நிமிரும் நேரத்தில் 1940 ஜூன் 10 வந்தது. ரோமாபுரியில் முசோலினி மாடத்தில் நின்று போர் அறிவித்தார். அவர் மார்பைத் தட்டிய சத்தம் கேட்டு, கனடா தன் ஊரில் பழம் விற்றவரையும் செருப்புத் தைத்தவரையும் சந்தேகப்பட்டது. ஏறத்தாழ 31,000 இத்தாலிய வம்சாவளியினர் எதிரி நாட்டார் என்று முத்திரை குத்தப்பட்டார்கள். சுமார் 600 பேரை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் ஒருவர்மீதும் ஒரு குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. இதற்குக் கனடா மன்னிப்புக் கேட்டது. எப்போது என்று அவசரப்படாதீர்கள். நல்ல ஊர்களும் நல்ல நாடுகளும் இந்த மாதிரி விஷயத்தில் நிதானமாகத்தான் நடக்கும்.

போர் முடிந்ததும் கனடாவுக்குத் திடீரென்று சுரங்க ரயில் வேண்டும், சாக்கடை வேண்டும், மாடிக் குடியிருப்பு வேண்டும், நடைபாதை வேண்டும் என்று தோன்றியது. மண் வெட்ட ஆள்? நேற்றைய எதிரி நாட்டாரை வரவழைத்தார்கள். கலாப்ரியா, அப்ரூட்ஸோ, ஃப்ரியூலி என்று இத்தாலியின் எல்லா மூலையிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள். டொராண்டோவின் தரைக்கு மேலே இருப்பதைக் கட்டியவர்களும் அவர்கள்தான், தரைக்குக் கீழே இருப்பதைத் தோண்டியவர்களும் அவர்கள்தான். 1960 மார்ச் 17 அன்று ஹாக்ஸ் ஹாலோ என்ற இடத்தில் குடிநீர்க் குழாய்ச் சுரங்கத்துக்குள் தீப்பிடித்து ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், உள்ளே போன ஆள் வெளியே வரவும் ஒரு வழி வேண்டும் என்பது மாகாணத்துக்கு உறைத்தது. வேலை நிறுத்தங்கள் வந்தன, பாதுகாப்புச் சட்டம் திருந்தியது. இந்தப் பத்தியில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆனால் இது தெரியாமல் பின்னால் வரும் கூத்து புரியாது.

பகலெல்லாம் மண்ணுக்கடியில் கிடந்தவனுக்குச் சாயங்காலம் என்ன வேண்டும்? குளித்து, சட்டை மாற்றி, தலை வாரி, தெருவில் இறங்கி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து, எதிரில் வருகிறவனை நிறுத்தி, ஊர்க் கதை பேச வேண்டும். இத்தாலியில் சின்னக் கிராமத்தில்கூட இது தினசரிச் சடங்கு. டொராண்டோ போலீசுக்கு இந்தச் சடங்கு பிடிபடவில்லை. வேலையில்லாமல் நடைபாதையில் ஆம்பிளைகள் நிற்கிறார்கள் என்றால் ஏதோ கொள்ளைக்குத் திட்டம் போடுகிறார்கள் என்றே பொருள். நம்மூர் வழக்கில் சொன்னால் உரையாடல் இப்படிப் போயிருக்கும்:

“என்ன இங்கே கூட்டம்?”

“கூட்டம் இல்லீங்க. நானும் என் மச்சானும்.”

“அப்ப இவன் யாரு?”

“அவன் என் மச்சானோட மச்சான்.”

“கலைஞ்சு போங்க, கலைஞ்சு போங்க.”

அந்த நடைபாதைக்குச் சிமெண்ட் பூசியவனே அந்த மச்சான்தான். பூசலாம், நிற்கத்தான் கூடாது. 1950களில் காலேஜ் தெருவில் இளைஞர்களாக இருந்தவர்கள் கிழவர்களான பிறகும் மறக்காமல் சொன்ன கதை இதுதான்: போலீஸ்காரர் வந்து நகரு நகரு என்று சொல்லுவார். தெருவில் கூட்டமாகப் போக அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்புகளில் ஒன்று, பெரிய வெள்ளியன்று சிலுவை தூக்கிக்கொண்டு போகும் ஊர்வலம். அதாவது, ஒருவர் சாகும் காட்சியை நடித்துக் காட்டினால் தெருவில் நடக்க ஆட்சேபம் இல்லை.

காசு சேர்ந்ததும் இத்தாலியர்கள் வடக்கே நகர்ந்து செயின்ட் கிளேர் அவென்யூவின் மேற்குப் பகுதிக்குக் குடி போனார்கள். அந்தப் பகுதிக்குக் கோர்சோ இத்தாலியா என்று பெயரானது. ரொட்டிக் கடை, பாலாடைக்கட்டிக் கடை, கல்யாணக் கவுன் கடை, காப்பி கடை, காப்பி கடைக்குள்ளே பந்து விளையாட்டைப் பற்றித் தொண்டை கிழியச் சண்டை போடும் பெரியவர்கள். 1966இல் ஜானி லொம்பார்டி தொடங்கிய ‘சின்’ வானொலி வீட்டுக்குள் இத்தாலிய மொழியில் பேசியது. லொம்பார்டி டொராண்டோவிலேயே, அந்த வார்டிலேயே பிறந்தவர். டிரம்பெட் வாசித்தார், கனடா ராணுவத்தில் சேர்ந்து போருக்குப் போனார், திரும்பி வந்து மளிகைக் கடை வைத்தார். நகராட்சி மேயர் யாராக இருந்தாலும், ‘லிட்டில் இத்தாலியின் மேயர்’ என்றால் ஜனங்களுக்கு அவர்தான்.

இப்போது 1982க்கு வருவோம்.

அந்த வருடம் ஏப்ரல் 17 அன்று, ஆட்டவாவில் தூறலுக்கு நடுவே எலிசபெத் ராணி ஒரு மேசையில் உட்கார்ந்து கனடாவின் புதிய அரசியல் சாசனப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். மழைத்துளி பட்டு மை கலைந்தது. அந்தச் சாசனத்தோடு வந்த உரிமைப் பட்டயத்தில், அமைதியாகக் கூடுவது எல்லோருடைய அடிப்படைச் சுதந்திரம் என்று ஒரு வரி இருந்தது. வக்கீல்கள் அதைப் படித்தார்கள். கோர்சோ இத்தாலியாவில் அதை யாரும் படிக்கவில்லை. படிக்காமலேயே அதைச் சோதித்துப் பார்க்கும் நாள் மூன்று மாதத்தில் வந்துகொண்டிருந்தது.

ஸ்பெயினில் உலகக் கோப்பை. இத்தாலிய அணியைப் பற்றி இத்தாலியர்களுக்கே நல்ல அபிப்பிராயம் இல்லை. பயிற்சியாளர் என்சோ பெயார்சோத் வாயில் பைப்பை வைத்துக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் புகையை மட்டும் பதிலாக விட்டார். கோல் காவலரும் கேப்டனுமான தீனோ ட்ஸோஃப்புக்கு வயது 40. முன்வரிசை வீரர் பாவ்லோ ரோஸி, சூதாட்ட ஊழலில் மாட்டி இரண்டு வருடத் தடை முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். ஜுவென்டஸுக்காக மூன்று லீக் ஆட்டங்கள் ஆடியதுதான் தயாரிப்பு. தற்காப்பில் கிளாவுடியோ ஜென்டிலே. எதிராளியைப் பந்தோடு சேர்த்து உதைப்பதும், பந்து இல்லாவிட்டால் ஆளை மட்டும் உதைப்பதும் அவர் கலை.

முதல் சுற்றில் போலந்தோடு 0-0. பெருவோடு 1-1. கேமரூனோடு 1-1. மூன்று ஆட்டம், இரண்டு கோல், ஒரு வெற்றிகூட இல்லை. கேமரூனும் தோற்கவில்லை, ஆனால் அது அடித்தது ஒரே கோல். அந்த ஒரு கோல் வித்தியாசத்தில் இத்தாலி அடுத்த சுற்றுக்குத் தவழ்ந்து போனது. பத்திரிகைகள் கிழித்த கிழியில் வீரர்கள் நிருபர்களோடு பேச மாட்டோம் என்று சபதம் போட்டார்கள். அணியின் சார்பில் பேச ட்ஸோஃப் ஒருவரை மட்டும் நியமித்தார்கள். ட்ஸோஃப் பேசவே மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். இதைவிட நேர்த்தியாக ஒரு பத்திரிகைத் தொடர்பாளரை எந்த அரசாங்கமும் நியமித்ததில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்பது தேவாலயத்தில் விசாரிக்க வேண்டிய விஷயம். அர்ஜென்டினாவை 2-1 என்று தோற்கடித்தார்கள். அந்த ஆட்டத்தில் மரடோனாவின் கூடவே ஜென்டிலே நடந்தார், ஓடினார், விழுந்தார், ஏறக்குறைய குடியிருந்தார். அடுத்தது பிரேசில். ஜூலை 5, திங்கட்கிழமை. ஆட்டம் டொராண்டோ நேரத்துக்குக் காலை பதினொன்றே காலுக்கு. அன்று கட்டுமான வேலைத் தளங்களில் யாருக்கெல்லாம் வயிற்றுவலி வந்தது என்று இப்போது தோண்டித் துருவ வேண்டாம். ஸீக்கோ, ஸோக்ரட்டீஸ், ஃபால்காவ் என்று தேவர்கள் வரிசையாக நின்ற பிரேசிலுக்கு டிரா ஆனாலே போதும். அதுவரை ஒரு கோல்கூட அடிக்காத ரோஸி அன்று மூன்று அடித்தார். 3-2. ஸீக்கோவின் சட்டை கிழிந்தது. கிழித்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? அரையிறுதியில் மறுபடி போலந்து. மறுபடி ரோஸி, இரண்டு கோல்.

ஜூலை 11, மாட்ரிட். எதிரே மேற்கு ஜெர்மனி. டொராண்டோவில் மதியம் இரண்டு மணி. கிழமை? ஞாயிறு.

முதல் பாதியில் கப்ரீனி பெனால்டியை வெளியே அடித்தார். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியைத் தவறவிட்ட முதல் மனிதர் என்ற பெருமையைத் தேடிக்கொண்டார். செயின்ட் கிளேரில் கிழவிகள் ஜெபமாலையின் வேகத்தைக் கூட்டியிருப்பார்கள். 57ஆம் நிமிடம் ரோஸி. 69ஆம் நிமிடம் தார்தெல்லி. அடித்துவிட்டு முஷ்டியை ஆட்டிக்கொண்டு, தலையை உதறிக்கொண்டு, அலறியபடி அவர் ஓடிய ஓட்டத்தை இத்தாலியர்கள் இன்றைக்கும் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். 81ஆம் நிமிடம் ஆல்தொபெல்லி. ஜெர்மனிக்கு பிரைட்னர் ஒன்று திருப்பினார். அதை யாரும் கவனிக்கவில்லை.

அரங்கில் ஸ்பெயின் மன்னர் பக்கத்தில் இத்தாலியக் குடியரசுத் தலைவர் சாண்ட்ரோ பெர்த்தினி உட்கார்ந்திருந்தார். வயது 85. மூன்றாவது கோல் விழுந்ததும் மரியாதை, சம்பிரதாயம் எல்லாவற்றையும் காற்றில் விட்டு எழுந்து நின்று, இனிப் பிடிக்க முடியாது என்று விரலை ஆட்டினார். திரும்பும் விமானத்தில் கோப்பையை மேசையில் வைத்துக்கொண்டு ட்ஸோஃப்போடும் பெயார்சோத்தோடும் சீட்டாடினார். இந்தக் கிழவர் யார் தெரியுமா? முசோலினியை எதிர்த்து வருடக்கணக்கில் சிறையில் இருந்தவர். முசோலினி அவரை இத்தாலியன் என்றும் பாராமல் உள்ளே போட்டான். கனடா டொராண்டோக்காரர்களை இத்தாலியன் என்பதற்காகவே உள்ளே போட்டது. ஜெயிலில் இருந்தவரை இத்தாலி தலைவராக்கியது. கனடா என்ன செய்தது என்பதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறோம்.

டொராண்டோவில் மணி நான்கு ஆகவில்லை. செயின்ட் கிளேர் அவென்யூ நிரம்ப ஆரம்பித்தது. வீட்டுக்குள் பார்த்தவர்கள் வெளியே வந்தார்கள். காப்பி கடையில் பார்த்தவர்கள் நாற்காலியோடு வெளியே வந்தார்கள். புறநகருக்குக் குடிபோய்ப் பெரிய வீடு கட்டியவர்கள், காரில் ஏறி, ஜன்னல் வழியாகக் கொடியும் பாதி உடம்பும் வெளியே தொங்க, பழைய தெருவைத் தேடி வந்தார்கள். ஹாரன் சத்தம் நின்றால் ஏதோ ஆபத்து என்று பயப்படும் அளவுக்கு ஹாரன். பச்சை, வெள்ளை, சிவப்பு எல்லா இடத்திலும். டிராம்கள் நகர முடியவில்லை. ஞாயிறன்று டிராம் ஓடலாமா என்று மூன்று முறை ஓட்டெடுத்த ஊரில், ஓட்டே எடுக்காமல் ஞாயிறன்று டிராமை நிறுத்திக் காட்டினார்கள்.

கூட்டம் எவ்வளவு? 3,00,000 என்று கணக்குச் சொன்னார்கள். தலையை எண்ணியவர் யாரும் இல்லை. இத்தாலியக் கூட்டத்தில் தலை ஓர் இடத்தில் நிற்காது. ஆனால் உலகப் போர் முடிந்த நாளுக்குப் பிறகு ஊர் இப்படி ஒரு கூட்டத்தைத் தெருவில் பார்த்ததில்லை என்பதை அன்று பார்த்த எவரும் மறுக்கவில்லை. போலீசார் செய்ய முடிந்ததைச் செய்தார்கள்: தெருவை வாகனங்களுக்கு அடைத்துவிட்டு ஓரமாக நின்றார்கள். மச்சானையும் மச்சானின் மச்சானையும் கலைக்கலாம். மூன்று லட்சம் மச்சான்களைக் கலைக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை.

உடனே ஒரு ஆட்சேபம் வரும். கரீபியன் மக்களின் கரிபானா 1967இலிருந்தே தெருவில் ஆடிப்பாடிப் போகிறதே, அப்புறம் இத்தாலியர் என்ன புதிதாகச் செய்தார்கள்? நியாயமான கேள்வி. கரிபானாவுக்குத் தேதி உண்டு, பாதை உண்டு, நகராட்சி அனுமதி உண்டு. 1982க்கு இவை எதுவும் கிடையாது. அனுமதிக்கு யாரிடம் மனு போடுவது? பெயார்சோத்துக்கே ஜெயிப்போமா என்று தெரியாது. முன்னேற்பாடு இல்லாமல், அழைப்பிதழ் இல்லாமல், சிறப்பு விருந்தினர் இல்லாமல், வரவேற்புரை இல்லாமல் ஒரு விழா நடக்க முடியும் என்று அந்த ஊர் தெரிந்துகொண்ட நாள் அது. வரவேற்புரை இல்லாத விழா எவ்வளவு பெரிய மனித சாதனை என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வகையிலும் ஊருக்கு அது தேவைப்பட்டது. ஐஸ் ஹாக்கியில் மேப்பிள் லீஃப்ஸ் அணி கடைசியாகக் கோப்பை வென்றது 1967இல். பேஸ்பாலில் ப்ளூ ஜேஸ் 1977இல் பிறந்து, பிறந்த நாளிலிருந்து தன் பிரிவின் கடைசி இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்துவந்தது. டொராண்டோக்காரனுக்குத் தெருவில் இறங்கிக் கத்தக் காரணமே இல்லாமல் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. அதனால் அன்று செயின்ட் கிளேரில் இத்தாலியர் மட்டும் இல்லை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாதவர்களும் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் உண்மையான வெற்றி பிள்ளைகளுடையது. பள்ளிக்கூடத்தில் மோர்ட்டடெல்லா இறைச்சி வைத்த தடி ரொட்டியை மற்றவர்கள் முகம் சுளிப்பார்களே என்று டப்பா மூடிக்குள்ளேயே ஒளித்துத் தின்றவர்கள். ஜுசேப்பேயாகப் பிறந்து டீச்சர் வாயில் ஜோ ஆனவர்கள். அப்பா அம்மா பொது இடத்தில் சத்தமாகப் பேசினால் பத்தடி தள்ளி நடந்தவர்கள். அந்த ஞாயிறு அவர்கள் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு அப்பா அம்மாவைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். அரசாங்கம் 1971இல் பன்முகப் பண்பாட்டுக் கொள்கை என்று அறிவித்துப் பதினொரு வருடமாகத் துண்டறிக்கை அச்சடித்து வந்த விஷயத்தை, ரோஸி ஆறு கோலில் முடித்துவைத்தார்.

மறுநாள் தேதியைக் கவனியுங்கள்: ஜூலை 12. பாய்ன் ஆற்றுப் போரின் வெற்றியைக் கொண்டாடும் நாள். ஒரு காலத்தில் டொராண்டோவின் ஜூலை மாதமே ஆரஞ்சு சங்கத்துக்குச் சொந்தம். ஹாலந்துக்கார அரசர் வில்லியத்தின் 292 வருடப் பழைய வெற்றியின் விழாவுக்கு ஒரு நாள் முன்னால், கத்தோலிக்கர்கள் வந்து அந்த ஊரின் பெரிய தெருவைப் பிடித்துக்கொண்டு, சுடச்சுட ஒரு வெற்றியைக் கொண்டாடிவிட்டுப் போய்விட்டார்கள். குதிரைப்படை இல்லை, பீரங்கி இல்லை, ஒரு உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் தொண்டை மட்டும்தான் போயிருந்தது.

அதற்குப் பிறகு டொராண்டோ வேறு ஊராகிவிட்டது. ஒவ்வொரு சமூகமும் அவரவர் தெருவை, அவரவர் கோப்பைக்கு எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 2002இல் ஆன் ஜங்-ஹ்வான் அடித்த தங்க கோலில் தென்கொரியா இத்தாலியை வெளியேற்றியபோது, ப்ளூர் தெருவின் கொரியர்களுக்குத் தீபாவளி, செயின்ட் கிளேருக்கு இழவு. 2004இல் கிரீஸ் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது டான்ஃபோர்த் அவென்யூ நீலமும் வெள்ளையும் ஆனது. தோற்றது போர்ச்சுகல், அவர்களும் இதே ஊரில் டண்டாஸ் தெருவில் இருந்தார்கள். 2016 வரை காத்திருந்து அவர்களும் கடனை அடைத்தார்கள். 2006இல் பெர்லினில் ஸிதான் தலையால் முட்டி வெளியேறிய ஆட்டத்தில் இத்தாலி ஜெயித்தபோது, செயின்ட் கிளேர் மறுபடி மூடப்பட்டது. உலக வரைபடத்தை டொராண்டோப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கத் தேவையில்லை. இன்று எந்தத் தெருவில் போக்குவரத்து நிற்கிறது என்று விசாரித்தால் போதும்.

நகராட்சியும் தேறிவிட்டது. இன்று காலேஜ் தெருவில் நகராட்சியே தடுப்பு வைத்து வாகனங்களை நிறுத்தி, இத்தாலியத் தெருவிழா நடக்க இடம் விடுகிறது. எந்த நடைபாதையில் நிற்காதே என்று விரட்டினார்களோ, அதே நடைபாதையில் வந்து நில்லுங்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்கு விளம்பரம் செய்கிறது. 1983 ஜூலைக்குப் பிறகு அந்த ஊருக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களும் இந்த வரிசையில் நின்றார்கள். 2015 முதல் ஸ்கார்பரோவின் மார்க்கம் சாலையை அடைத்து, கொத்துரொட்டித் தகட்டுச் சத்தத்தோடு தமிழர் தெருவிழா நடக்கிறது. தெருவை மூடினால் ஊர் இடிந்துவிடாது என்று நகராட்சிக்கு முன்கூட்டியே பாடம் எடுத்து வைத்தவர்களில் தார்தெல்லிக்கும் பங்குண்டு. நம்மவர்கள் அவருக்கு ஒரு தட்டு கடன்பட்டிருக்கிறார்கள்.

இத்தாலிக்கு 2006க்கு அப்புறம் நேரம் சரியில்லை. 2018, 2022 இரண்டு உலகக் கோப்பைகளுக்கும் தகுதியே பெறவில்லை. நடுவில் 2021 மட்டும் விதிவிலக்கு. அந்த வருடம் மே 27 அன்று, கனடாப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் எழுந்து, 1940இல் இத்தாலிய கனடியர்களை அடைத்து வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நிதானமாக, 81 வருடம் யோசித்துவிட்டு. ஆறு வாரம் கழித்து ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம். இடம் லண்டன், எதிரே இங்கிலாந்து, பெனால்டியில் இத்தாலிக்கு வெற்றி. தேதி ஜூலை 11. கிழமை ஞாயிறு. கொரோனாக் காலம், கூட்டம் கூடாதீர்கள் என்று சுகாதாரத் துறை கெஞ்சிக்கொண்டிருந்தது. செயின்ட் கிளேர் அவென்யூ நிரம்பி வழிந்தது.

ஆகவே வாசகர்களே, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி: அங்கே புதிதாகக் குடிவந்த கூட்டம் ஒரு நாள் தெருவில் நின்று புரியாத பாஷையில் கத்தினால், போலீசுக்கு போன் போடும் முன் ஸ்கோர் என்ன என்று விசாரியுங்கள். அவர்கள் ஜெயித்திருந்தால் நீங்களும் இறங்கி நாலு கத்து கத்திவிட்டு வாருங்கள். தோற்றிருந்தால் ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள். இரண்டுக்கும் பர்மிட் தேவையில்லை.